வருசக் கார்டு

வாங்காதீங்க. யாரோ ஒருத்தி சொல்றாளேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பாரத்த மடிச்சு பாக்கெட்ல வைங்க மொதல்ல. வருசக் கார்டு எவ்வளவு, எத்தன பேரு வரலாம், போட்டோ எத்தனன்னு நீங்க கவுண்டர்ல கேட்டதெல்லாம் இந்தப் பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சுங்க. தமிழ்தானுங்களே? நீங்க கன்னடம் பேசறப்பவே தெரிஞ்சுது, ஹனூர்ப் பக்கத்து இழுவை. நாங்களும் அந்தப் பக்கந்தான், கௌதள்ளி. நான் பொறந்து வளந்தது மட்டும் இங்க மைசூர்ல. உக்காருங்க. பெஞ்சத் தொடச்சுட்டேன்.

யாருக்குங்க கார்டு? ஓ, அக்கா பசங்களுக்கா. சரி சரி.

நான் நர்ஸுங்க. டூட்டி முடிச்சு அப்படியே வந்துட்டேன், அதான் இந்த வெள்ளப் பொடவை. நர்ஸ் எதுக்கு ஞாயித்துக்கெழம காலங்காத்தால ஜூ கேட்டு முன்னாடி உக்காந்து போற வர்றவங்களுக்கு புத்தி சொல்லிட்டிருக்கான்னுதான பாக்கறீங்க. பாருங்க. எங்கூட்லயும் இந்தக் கார்டு இருக்குங்க. ஒண்ணில்ல, இது மூணாவது. இன்னியோட முடியுது. இன்னிக்கு எங்கப்பா வந்து நாலாவது கார்டுக்குப் பணம் கட்டுவாரு. அவரு கட்டக்கூடாது. அதுக்குத்தான் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து உக்காந்திருக்கேன். அவரு கைல இருந்து பாரத்தப் புடுங்கிக் கிழிக்கறதா, இல்ல கால்ல விழறதா, அது இன்னும் முடிவாகல.

கார்டு? பைல இருக்குது. காட்டறேன், இருங்க, இப்ப என்ன அவசரம்.

நல்லது இல்லாமயா. நல்லது நெறைய இருக்குங்க, இல்லேன்னு சொல்லமாட்டேன். க்யூவுல நிக்க வேண்டாம். தசரா சமயத்துல அந்தப் பக்கம் அரண்மன வரைக்கும் கூட்டம் நிக்கும், நாம பாட்டுக்கு கார்டக் காட்டிட்டு உள்ள போயிரலாம். செவ்வாக்கெழம லீவு, மத்த நாள் எப்ப வேணும்னாலும் வரலாம். நெழலு இருக்கு, தண்ணி இருக்கு, லேடீஸ் ரூம் சுத்தமா இருக்குது. அஞ்சாறு தடவ வந்தாவே டிக்கெட்டுக் காசு ஈடாயிரும், மிச்சமெல்லாம் சும்னே, ஃப்ரீ. கேட்டுல நிக்கறவரு நல்ல மனுசன். எங்கம்மாவப் பாத்தா எந்திரிச்சு நின்னு கும்பிடுவாரு. இத்தன தடவ வந்திருக்கோம். மிருகங்க மேல எவ்வளவு பிரியம் இந்தக் குடும்பத்துக்குன்னு நெனச்சிருப்பாரு பாவம்.

மிருகத்தப் பாக்க இல்லீங்க. என்னைக் காட்ட.

சிரிக்காதீங்க. பொண்ணு பாக்கறது எங்கூட்ல நடக்காது, இங்கதான் நடக்கும். தேவராஜ மொஹல்லாவுல ஒரே வளவுல எட்டுக் குடும்பம் இருக்கோம். எங்கம்மா கேசரிக்கு ரவ வறுத்தா அந்த வாசம் எட்டு வீட்டுக்கும் போயிரும். வாசல்ல நாலு ஜோடிப் புதுச் செருப்பு கெடந்தா எல்லாம் எட்டிப் பாக்கும். அவங்க போனப்பறம் ஒரு வாரம் கழிச்சு, என்ன சித்தம்மா, ஒண்ணும் தகவல் வல்லியான்னு கொழாயடியில எங்கம்மாகிட்ட கேக்கும். அப்படி ரெண்டு தடவ கேட்டதுல எங்கம்மா குடத்த அங்கயே வெச்சுட்டு வந்துட்டாங்க. அப்பத்தான் கௌதள்ளியில இருந்து மாதேவி அத்தை, எங்கப்பாவோட தங்கச்சி, வந்து இந்த யோசனையச் சொன்னாங்க. வீட்ல வேண்டாம், கோயில்லயும் வேண்டாம், சாமி முன்னாடி பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா பொண்ணுக்கு ஆகாது. ஜூவுக்குக் கூட்டிட்டுப் போயிரு, எதேச்சையாப் பாத்தாப்பல இருக்கட்டும், புடிச்சாப் பேசுவோம், புடிக்கலேன்னா அவங்க பாட்டுக்குப் புலியப் பாத்துட்டுப் போறாங்க. எப்படி யோசனை.

நெறைய பேரு அப்படித்தான் செய்யறாங்களா? தெரியுமே. உள்ள போயி பாருங்க. ஜிராஃப் முன்னாடி பட்டுப் பொடவை கட்டிட்டு ஒருத்தி தலையக் குனிஞ்சுட்டு நின்னான்னா, அது ஜிராஃப் பாக்க வந்ததில்ல.

எங்கப்பா நடிக்கறதப் பாக்கணுமே நீங்க. லிங்கப்பன்னு பேரு. மார்க்கெட்ல வெத்தல மண்டி. ஒவ்வொரு வெத்தலயா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து அழுகல எடுத்து அக்கட்ட போடற மனுசன், வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லத் தெரியாது. அவரு ஜிராஃப்கிட்ட நின்னுட்டு, அடடே, நீங்களா, எங்க இந்தப் பக்கம், அப்படீம்பாரு. பதினஞ்சு தடவையும் அதே அடடேதான். அவங்களும், அட, சும்மா கொழந்தைங்களக் கூட்டிட்டு வந்தோம்பாங்க. பாத்தா ஒரு கொழந்த இருக்காது. பொறகு எங்கம்மா எவர்சில்வர் டப்பாவத் தொறந்து, தட்ட மாதிரி மொறுமொறுன்னு சுட்ட நிப்பட்டு குடுப்பாங்க. எதேச்சையா வந்தவங்க கைல பத்துப் பேருக்கு நிப்பட்டு.

அப்பறம் நடக்க விடுவாங்க. அந்த யான வரைக்கும் போயிட்டு வாம்மா, யான எந்திரிச்சுருச்சான்னு பாத்துட்டு வா. யானையப் பாக்கவா, கால் சாய்ச்சு நடக்கறாளான்னு பாக்க. திரும்பி வந்தா மாப்பிள்ளயோட அம்மா போர்டக் காட்டுவாங்க. என்னமோ எழுதியிருக்கே, படிச்சுக் காட்டும்மா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அவங்களுக்கு நல்லாத் தெரியும். எனக்குத் தெரியுதான்னு பாக்கறது, கொரல் எப்படி, திக்கறாளா, இங்கிலீசு வருதா, எல்லாம் ஒரே போர்டுல முடிஞ்சுரும். நான் கடகடன்னு சொல்லிருவேன். ஜிராஃப். ஆப்பிரிக்கா. எல, தழ தின்னும். கர்ப்பகாலம் பதினஞ்சு மாசம். அந்த எடத்துல மட்டும் பெரியவங்க எல்லாம் வேற பக்கம் பாத்துக்குவாங்க.

அதுல ஒரு சங்கதி இருக்குதுங்க. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு ஒரு தடவையும் நான் அந்தப் போர்டப் படிச்சதில்ல. இந்தக் கண்ணாடி இருக்குதே, இது இல்லாம எனக்குக் கை நீட்டற தூரம்தான். அதுக்கு அக்கட்ட எல்லாம் ஒரே கலங்கல். கண்ணாடி போட்ட பொண்ணு வேண்டாம்னு மொதமொதல்ல போட்டோ பாத்தவங்க நேர்ல வராமயே சொல்லிட்டாங்க. அதுல இருந்து, எங்கம்மா பொடவையப் பைல கொண்டாருவாங்க, உள்ள லேடீஸ் ரூம்ல கட்டிக்கிட்டு, கண்ணாடியக் கழட்டிக் குடுத்தா அதே பைல போட்டுக்குவாங்க. போர்டு மனப்பாடம். யானைக்குப் போற வழி எத்தன அடின்னு மனப்பாடம். பின்ன கல்யாணம் ஆயிட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன். கல்யாணத்துக்கப்பறம் கண்ணு கெட்டுப் போச்சுன்னு சொல்லிக்கலாம்மான்னாங்க எங்கம்மா. நான் ஆஸ்பத்திரியில ஊசியில மருந்து ஏத்தறவ. அர சொட்டு கூடக் கொறையாமப் பாத்து ஏத்தறவ. என் கண்ணு கெட்டுப் போச்சுன்னு இன்னொருத்தன்கிட்ட நடிக்கணுமாம்.

இல்லீங்க, கோவம் ஆஸ்பத்திரி மேல இல்ல, ஜூ மேலயும் இல்ல. அவங்க என்ன பண்ணுவாங்க, கார்டு கேட்டா குடுக்கறாங்க.

கோவம் எங்கப்பா மேல. சொல்றேன் கேளுங்க. தொண்ணூத்தி நாலுல ஆரம்பிச்சது இது. அப்ப எனக்கு இருபத்தஞ்சு. மொத மூணு பேரு வந்தப்ப டிக்கெட்தான் எடுத்தோம். யாருக்கு யாரு எடுக்கறதுன்னு கவுண்டர் முன்னாடி ஒரு தடவ பெரிய இழுபறி, அதுல இருந்து அவங்கவங்க டிக்கெட்ட அவங்கவங்க எடுத்துக்கறதுன்னு பேச்சு. மூணாவது ஆளும் வேண்டாம்னு எழுதிட்டாங்க. அதுக்கடுத்த வாரம் எங்கப்பா மார்க்கெட்ல இருந்து வந்து சட்டையக் கழட்டி மாட்டிட்டு, பாக்கெட்ல இருந்து இந்தக் கார்ட எடுத்து எங்கம்மா கைல குடுத்தாரு. இனிமே வருசம் பூரா கவலையில்ல, எத்தன தடவ வேணும்னாலும் போலாம், நல்ல லாபம்னாரு. சிரிச்சுட்டே சொன்னாரு. எங்கம்மாவும் சிரிச்சாங்க. நான் சோத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஏனுங்க, நாலாவது மாப்பிள்ள யாருன்னே அப்ப தெரியாது. அதுக்குள்ள இன்னும் ஒரு வருசத்துக்கு இவள எவனும் கட்டமாட்டான்னு பெத்த அப்பா பணம் கட்டிட்டு வந்துட்டாரு. ரசீதோட.

அதச் சொன்னா அவருக்குப் புரியாது. எட்டு ரூவா டிக்கெட்டு, நாலு பேரு, நீயே கணக்குப் போட்டுப் பாரும்பாரு. கணக்கு சரிதான். கணக்கு சரியா இருக்கறதுதானங்க வயித்தெரிச்சல். அவரு எடுத்த மூணு கார்டும் காசுக்கு மேல ஒழச்சிருச்சு.

அவரு கெட்டவர் இல்லீங்க. என்மேல உசிரு. அதுதான் இன்னும் கோவம் வருது.

நாலு பேரு யாருன்னா, அப்பா, அம்மா, நான், தங்கச்சி அஷ்வினி. கார்டுல நாலு மூஞ்சியும் இருக்குது. மொதல்ல அவளையும் கூட்டிட்டுத்தான் வருவோம். குடும்பமா வந்தாத்தான எதேச்சையா வந்தாப்பல இருக்கும். ஏழாவதா ஒரு வீட்டுக்காரங்க, கொள்ளேகால்க்காரங்க. நல்லாத்தான் பேசினாங்க. அந்தம்மா என் கையப் புடிச்சுட்டு யான வரைக்கும் கூடவே நடந்தாங்க. எனக்கு அன்னிக்கு இது முடிஞ்சுரும்னு ஒரு நெனப்பு வந்துருச்சு, பொய் சொல்லக்கூடாது. பத்து நாள் கழிச்சு இன்லேண்டு லெட்டர் வந்துச்சு. மூத்த பொண்ணு ஜாதகம் பொருந்தல, சின்னதக் குடுக்கறதா இருந்தாப் பேசலாம்னு.

எங்கப்பா நாலு நாள் அந்த லெட்டர பாக்கெட்லயே வெச்சுட்டுத் திரிஞ்சாரு. அஞ்சாவது நாள் என்னைக் கூப்புட்டு, நல்ல எடம்மா, நீ என்ன சொல்றேன்னு கேட்டாரு. என்னைக் கேட்டாரு பாருங்க. கேக்காமச் செஞ்சிருந்தாக்கூட ஒரு ரெண்டு வருசம் திட்டிட்டு மறந்திருப்பேன். அவ பாவம், கதவுக்குப் பின்னாடி நின்னு வேண்டாம்க்கா, வேண்டாம்க்கான்னு அழுவுறா. நான் சரின்னுட்டேன். வேற என்ன சொல்றது. கல்யாணத்துல பந்தியில பாயசம் ஊத்தினது நான்தான். அந்தக் கொள்ளேகால் அம்மா எல வரைக்கும் போயி ஊத்தினேன். அவங்க என்னைப் பாத்து, நீயும் சீக்கிரமே கல்யாணச் சாப்பாடு போடணும்னாங்க. கரண்டிய அங்கயே மண்டையில போட்டிருப்பேன். நர்ஸாப் போயிட்டேன், நானே கட்டும் போடணும்னு விட்டுட்டேன்.

அதுல இருந்து இன்னொரு கேள்வி சேந்துக்கிச்சு. சின்னவளுக்கு மொதல்ல ஏன் முடிச்சீங்க, மூத்ததுக்கு என்ன கொறை. எட்டாவதுல இருந்து பதினஞ்சாவது வரைக்கும் எல்லாம் அதே கேள்விதான். எங்கப்பா அதுக்கும் ஒரு பதில் வெச்சிருக்காரு. மூத்தவ வேலைக்குப் போறேன்னு புடிவாதம் புடிச்சா அப்படீன்னு. எம்மேலயே போட்டுட்டாரு. போட்டுட்டு, அன்னிக்கு வீட்டுக்கு வந்து எனக்குப் புடிக்கும்னு மைசூர்பாக்கு கால் கிலோ வாங்கிட்டு வருவாரு. திங்காம வெச்சு எறும்பு ஏறிச்சு.

எங்க எந்திரிக்கறீங்க? வெயில் வருதா. இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க, மரம் இருக்குது. எனக்கு எதுக்குங்க கைக்குட்ட, நீங்களே போட்டுக்குங்க. உங்காளுங்க வர்றதுக்கு நேரமிருக்குல்ல? ஓட்டல்ல டிபன் சாப்புட்டுட்டு இருக்காங்களா. அப்ப மசால் தோசை வர்றதுக்கே அர மணி ஆயிரும் ஞாயித்துக்கெழம.

நஷ்டம் என்னன்னு கேட்டீங்கல்ல, அதச் சொல்லி முடிச்சுடறேன். டிக்கெட் எடுத்துட்டுப் போறவனுக்கு, காசு குடுத்திருக்கோம், நல்லாப் பாக்கணும்னு இருக்கும். கார்டுக்காரனுக்கு அது இருக்காது. இன்னிக்கு இல்லேன்னா அடுத்த வாரம். அடுத்த வாரம் இல்லேன்னா தசராவுக்கு. அப்படித்தான் எங்கூட்ல ஆயிருச்சு. மொதல்ல ஒருத்தன் வேண்டாம்னா எங்கம்மா ரெண்டு நாள் சோறு திங்கமாட்டாங்க. இப்பப் பாத்தா, சரி, கார்டு இருக்குதுல்ல, அடுத்தத வரச் சொல்லுங்கறாங்க. வந்தவங்களுக்கும் அப்படித்தான். மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் புடிக்கலேன்னு சொன்னதில்லீங்க. ஐஸ்கிரீம் திம்பாங்க, மொதலைக்குப் போலாமான்னு கேப்பாங்க, போட்டோ புடிப்பாங்க, ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்பாங்க. லெட்டர்ல ஜாதகம். பதினஞ்சு லெட்டரும் ஜாதகந்தான். ஜாதகம் பாக்காமயா கொள்ளேகால்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் பஸ் ஏறி வந்தாங்க.

ஆமாங்க, இன்னிக்கும் வர்றாங்க. பதினாறாவது. பதினோரு மணிக்கு ஜிராஃப். எங்கப்பா அம்மா பஸ்ல வந்துட்டிருப்பாங்க, பைல பச்சக் கலர்ப் பட்டு. இந்த மாப்பிள்ளைக்கு என் போட்டோ அனுப்பியிருக்கு. பட்டுப் பொடவை, தல நெறைய மல்லி, மூஞ்சி பூரா பவுடரு, கண்ணாடி இல்ல. அந்தப் போட்டோவ எங்கிட்டக் காட்டினா எனக்கே யாருன்னு தெரியாது. நேர்ல பக்கத்துல வந்து உக்காந்தாக்கூட அவருக்குத் தெரியாதுங்க.

அவரு போட்டோ நான் பாத்திருக்கேன். வீட்ல கண்ணாடி போட்டுட்டுத்தான் பாத்தேன். ஸ்டூடியோவுல ஒரு பொய் டெலிபோன் மேல கைய வெச்சுட்டு நிக்கறாரு. இடது புருவத்துல ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. பேரா? செந்தில்நாதன். ஹனூர்ல உரக்கட வெச்சிருக்காராம்.

நீங்க வந்து கவுண்டர்ல நின்னப்பவே தெரியும்ங்க.

உக்காருங்க. கத்தமாட்டேன். கத்தறதெல்லாம் கத்தி முடிச்சாச்சு, நீங்கதான் கேட்டுட்டிருந்தீங்களே. நல்லா வந்து பக்கத்துல உக்காந்தீங்க, வெயில்ல கைக்குட்டைய விரிச்சுப் போட்டுக்கறீங்களான்னு கேட்டீங்க. இதுவரைக்கும் பாக்க வந்த ஒருத்தரும் எனக்கு என்ன வேணும்னு கேட்டதில்ல. மரியாதக்காரர்தான். அதான் இவ்வளவு நேரம் பேசினேன். அக்கா பசங்களுக்குத்தான் கார்டுன்னு நீங்க சொன்னப்ப, அது நெசமா இருந்தா நல்லா இருக்குமேன்னு ஒரு நிமிசம் நெனச்சேன். ஆனா கவுண்டர்ல வேற சொன்னீங்களே. நானும் எங்கம்மாவும் மாமாவும், இந்த வருசம் பொண்ணு பாக்க எப்படியும் நாலஞ்சு தடவ வரவேண்டியிருக்கும், டிக்கெட்டா எடுத்தாக் கட்டுப்படியாகாதுன்னு சிரிச்சுட்டே சொன்னீங்க.

தப்பு இல்லீங்க. பொடவை எடுக்கறவன் நாலு கட ஏறித்தான் எறங்குவான். என்ன, மொதக் கடையில கால் வைக்கறதுக்கு முன்னாடியே பாரம் வாங்கிட்டீங்க. எங்கப்பா மாதிரியே.

பொடவை மாத்தமாட்டேன். பதினோரு மணிக்கு அங்க வந்தும் நிக்கமாட்டேன். எங்கப்பா வந்தா நான் சொல்லிக்கறேன், உங்கம்மாகிட்ட நீங்க சொல்லிக்குங்க. ஜாதகம் சேரலேன்னு வேணாச் சொல்லுங்க, பழகின பதில்தான்.

கார்டு கேட்டீங்கல்ல, இந்தாங்க, பாருங்க. இந்த ஓரத்துல கண்ணாடி போட்டுட்டு இருக்கறது நான். ரூபா. இதுதான் என் மூஞ்சி. இங்க வந்து என்னைப் பாத்துட்டுப் போன பதினஞ்சு பேருல ஒருத்தன் நாளைக்கு பஸ்ல பக்கத்துல நின்னாக்கூட எனக்கு அடையாளம் தெரியாதுங்க. ஒருத்தனையும் நான் பாத்ததில்ல, எல்லாம் கலங்கல். கண்ணாடி போட்டுட்டு நான் பாத்த மொத மாப்பிள்ள நீங்கதான். அர மணி நேரம் நல்லாத் தெளிவாப் பாத்துட்டேன்.

மொதல்ல வாங்காதீங்கன்னு சொன்னனில்ல, அது தப்பு. நீங்க வாங்கிக்குங்க, உங்களுக்கு இன்னும் வேண்டியிருக்கும். இந்தாங்க, பேனா.